அலுவல் பயணத்தில் ஹை-எண்ட் ஸ்பீக்கர் கேட்க எங்கே போவது: டீலர் அறை, கண்காட்சி, பெரிய கடை, தயாரிப்பாளர், உரிமையாளர் வீடு

சொந்த ஊரில் டெமோவுக்கே கிடைக்காத ஸ்பீக்கர்கள் ஏராளம். அலுவல் விஷயமாக வெளிநாடு போகிறவர்களுக்கு அவற்றைக் கேட்க வாய்ப்பு அமைகிறது. ஆனால் கையில் இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு மாலைப் பொழுதுதான். மிஞ்சினால் திரும்பும் விமானத்துக்கு முந்தைய அரை நாள். அந்தக் கொஞ்ச நேரத்தை எங்கே செலவழிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு ஸ்பீக்கரைப் பட்டியலிலிருந்து நீக்க, வெளியூரில் கேட்பது நம்பகமான வழி. வாங்குவதற்கு அது மட்டும் போதாது. ஏன் போதாது என்பது புரிந்தால் எங்கே போவது என்பதும் ஓரளவு தெளிவாகிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

அறையின் பங்கு. வீட்டு அளவிலான அறைகளில் சுமார் 200–300 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதில் விழுவதைத் தீர்மானிப்பது ஸ்பீக்கரைவிட அறைதான். 5 மீட்டர் நீள அறையின் முதல் ஒத்ததிர்வு (அறையே ஒரு சுருதியைப் பெருக்கிக் காட்டுவது) 34 ஹெர்ட்ஸில் வரும். 4 மீட்டர் என்றால் 43 ஹெர்ட்ஸில் (ஒலியின் வேகமான விநாடிக்கு 343 மீட்டரை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும்). பின்சுவரின் தூரமும் விளையாடும். ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளியிருந்தால் 86 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும், 60 செ.மீ. என்றால் அது 143 ஹெர்ட்ஸுக்கு நகரும். ஆகவே வேறொருவர் அறையில் கேட்ட பேஸ் (தாழ்ந்த சுருதி ஒலி) உங்களோடு வீட்டுக்கு வராது. குரலின் இயல்பு, ட்வீட்டரின் (உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் பகுதி) குணம், பக்கவாட்டில் ஒலி பரவும் விதம் ஆகியவை பெருமளவு வரும்.

சத்தத்தைச் சமன்செய்ய முடியுமா. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே அந்த ஸ்பீக்கர் "தெளிவாக", "உயிரோடு" இருப்பதாகத் தோன்றும். கேஇஎஃப் எல்எஸ்50 மெட்டாவின் சென்சிடிவிட்டி (ஒரே ஆற்றலுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 85 டெசிபல் என்றும், கிளிப்ஷ் ஹெரஸி 4-இன் சென்சிடிவிட்டி 99 டெசிபல் என்றும் தயாரிப்பாளர்களே குறிப்பிடுகிறார்கள். இடைவெளி 14 டெசிபல். அதாவது வால்யூம் குமிழைத் தொடாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், அதே சத்தத்துக்குத் தேவைப்படுவதைப் போல 25 மடங்கு ஆற்றல் இரண்டாவது ஸ்பீக்கருக்குப் போகிறது. இப்படிச் செய்யும் ஒப்பீட்டால் எந்தப் பயனும் இல்லை.

என்ன மாற்றலாம், எவ்வளவு நேரம் கிடைக்கும். உங்கள் பாடல், உங்கள் ஆம்ப்புக்கு (ஸ்பீக்கரை இயக்கும் பெருக்கி) நெருங்கிய ஓர் ஆம்ப், குறுக்கீடில்லாத முக்கால் மணி நேரம். இந்த மூன்றில் எத்தனை கிடைக்கும்?

காது எந்த நிலையில் இருக்கிறது. இதை ஒரு அளவுகோலாகவே யாரும் எண்ணுவதில்லை, எண்ண வேண்டும். விமானக் கேபினுக்குள் 80–85 டெசிபல் இரைச்சலில் மணிக்கணக்காக உட்கார்ந்த காது களைத்திருக்கும். நடுச்செவியில் அழுத்தம் சமனாகாமல் அடைத்திருந்தால் தாழ்ந்த சுருதிகள்தான் முதலில் மங்கும். சளியோடு பறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். இறங்கிய அன்று கேட்காமல், ஓர் இரவாவது தூங்கி எழுந்தபின் போவது நல்லது.

மறைந்திருக்கும் செலவு. போக்குவரத்து, வரி, வாரண்டி ஆகியவற்றோடு இன்னொன்றும் உண்டு: உங்களுக்காக ஒருவர் ஒதுக்கும் நேரம். எந்த ரசீதிலும் அது வராது என்பதால் பலரும் அதை இலவசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

## சிறப்பு டீலரின் கேட்பறை

முன்பதிவு செய்து போகும் தனி அறை. வழக்கமாகக் கிடைப்பவற்றில் உண்மையான தகவல் அதிகம் கிடைக்கும் இடம் இதுதான். ஆனால் அதன் பலன் முழுக்க நீங்கள் முன்கூட்டி அனுப்பும் மின்னஞ்சலைப் பொறுத்தது.

பயணத்துக்கு 10–14 நாள் முன்பே எழுதுங்கள். எந்த மாடல்கள் (இரண்டு, அதிகபட்சம் மூன்று), வீட்டில் என்ன ஆம்ப், அறையின் நீள அகல உயரம், எந்தத் தேதி, எத்தனை மணி நேரம் என்பதைக் குறிப்பிடுங்கள். வாங்கப்போவது இவரிடமா, இல்லையா என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள். பெரும்பாலான பிராண்டுகள் டீலர்களுக்கு எல்லை வகுத்திருக்கின்றன. வேறு நாட்டில் வசிப்பவருக்கு விற்க அவருக்கே அனுமதி இல்லாமல் இருக்கலாம். "கேட்க மட்டும் வருகிறேன், கட்டணம் உண்டென்றால் தருகிறேன்" என்று எழுதினால் சிலர் மறுப்பார்கள், சிலர் கட்டணம் சொல்வார்கள், சிலர் ஆளில்லாத வாரநாள் காலையை ஒதுக்கித் தருவார்கள். மூன்றும் நியாயமான பதில்களே. வாங்குபவர்போல நடித்து இரண்டு மணி நேரத்தை வாங்கிக்கொள்வதுதான் நியாயமில்லை. அப்படிப் போகிறவர், அந்தக் குற்றவுணர்விலேயே கேட்பதைப் பாதியில் முடித்துக்கொண்டு எழுந்துவிடுவதும் உண்டு.

அறைக்குள் போனபின் இந்த வரிசையில் செய்யலாம்:

1. முன்பே சொல்லிவைத்து ஆம்ப்பை அரை மணி நேரமாவது ஓடவிடச் சொல்லுங்கள். வால்வு ஆம்ப் என்றால் இது கட்டாயம்.
2. அறையில் வேறு ஸ்பீக்கர்கள் நின்றால் வெளியே நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். இணைக்கப்படாத வூஃபர்களும் (தாழ்ந்த சுருதிகளை ஒலிக்கும் கூம்புகள்) பேஸுக்கு அசைந்துகொடுக்கும். நகர்த்த முடியாதென்றால், கேபிள் எதுவும் மாட்டப்படாத அந்த ஸ்பீக்கர்களின் பிளஸ், மைனஸ் முனைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்துவிட்டால் அசைவு வெகுவாகக் குறையும். ஆம்ப்போடு இணைந்திருக்கும் ஸ்பீக்கரில் இதைச் செய்தால் ஆம்ப் போய்விடும்.
3. பிங்க் நாய்ஸ் (எல்லாச் சுருதிகளும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போனை ஒரே நிலையில் பிடித்து அளந்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உரிய வால்யூம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போன் காட்டும் எண் தன்னளவில் தவறாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைச் சரியாகவே காட்டும். அரை டெசிபலுக்குள் கொண்டுவந்தால் போதும்.
4. முதலில் ஒற்றை ஸ்பீக்கரில் மோனோவாகக் கேளுங்கள். ஸ்டீரியோவின் விரிவு பல குறைகளை மூடிவிடும். ஒற்றை ஸ்பீக்கர்தான் குரலின் நிறத்தைப் பட்டென்று காட்டிக்கொடுக்கும்.
5. ஒரே பாடலின் 30–40 விநாடிப் பகுதியை மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒலியின் நுணுக்கங்கள் நினைவில் சில விநாடிகளுக்குமேல் நிற்பதில்லை. முழுப் பாடலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.
6. கிளம்புமுன், ஸ்பீக்கர் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது, இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு, இருக்கை எவ்வளவு தூரம், எந்தக் கோணத்தில் உள்நோக்கித் திருப்பப்பட்டிருக்கிறது என்பவற்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

பாடல்களை யூஎஸ்பி டிரைவில், 16 பிட் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் அல்லது வேவ் கோப்புகளாக எடுத்துச் செல்வது நல்லது. டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் பெரும்பாலான ஸ்ட்ரீமர்கள் படித்துவிடும். ஸ்ட்ரீமிங் சேவையை மட்டும் நம்பினால் அந்த நாட்டில் அந்தப் பாடல் இல்லாமல் போகலாம். பத்துப் பாடல் போதும். அவற்றில் ஒன்று, ஒலிபெருக்கி இல்லாமல் நேரில் கேட்டுப் பழகிய கருவியின் பதிவாக இருக்கட்டும். கூடவே பிங்க் நாய்ஸ் கோப்பு ஒன்றும், 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஸ்வீப் ஒன்றும்.

இங்கே ஏமாறும் இடம் ஆம்ப்தான். டீலரிடம் இருப்பது பெரும்பாலும் உங்களுடையதைவிடப் பல மடங்கு வலுவான பவர் ஆம்ப். 8 ஓம் என்று அச்சிட்டிருக்கும் ஸ்பீக்கர் சில சுருதிகளில் 3 ஓம் வரை இறங்கலாம். அங்கே அந்த ஆம்ப் அசராது, வீட்டிலிருப்பது திணறும். குறைந்தபட்ச இம்பீடன்ஸ் (ஓம் கணக்கிலான அந்த மின்தடை) எவ்வளவு, எந்த ஹெர்ட்ஸில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

## ஆடியோ கண்காட்சி

ஹை எண்ட் கண்காட்சி 2004 முதல் 2025 வரை ம்யூனிக்கில் நடந்தது. 2026 முதல் அதற்கு இடம் வியன்னா. உங்கள் பயணத் தேதி இதுபோன்ற ஒன்றோடு ஒத்துப்போனால் ஒரே நாளில் முப்பது, நாற்பது ஸ்பீக்கர்களைக் கேட்டுவிடலாம். வேறு எந்த வழியிலும் இது நடக்காது. உருவாக்கிய பொறியாளரே அறையில் நிற்பார். கிராஸ்ஓவர் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்று) எந்த ஹெர்ட்ஸில், எந்தச் சரிவில் பிரிக்கிறது என்று கேட்டால் விற்பனைப் பேச்சு இல்லாமல் பதில் வரும்.

ஆனால் ஒலியைப் பற்றிய தீர்ப்புக்குக் கண்காட்சி மோசமான இடம். ஹோட்டல் அறைகளில் நடப்பவற்றில் படுக்கையை நகர்த்திவிட்டுப் பெரிய ஸ்பீக்கரை நிறுத்தியிருப்பார்கள். அரங்குகளில் நடப்பவற்றில் மெல்லிய தடுப்புச் சுவர் வழியாகப் பக்கத்து அறையின் டிரம்ஸ் கேட்கும். பாடலைத் தேர்ந்தெடுப்பது அவர்கள். தங்கள் ஸ்பீக்கரின் பலவீனத்தைத் தொடாத பாடலைத்தான் போடுவார்கள், அதில் குறைசொல்லவும் முடியாது. நடு இருக்கை கிடைக்கக் காத்திருக்க வேண்டும். ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீரியோவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எனவே கண்காட்சியில் கேட்க வேண்டியது ஒன்றே: எதை விட்டுவிடலாம்? மோசமான அறையிலும் குரல் இயல்பாக ஒலித்த ஸ்பீக்கர்களைப் பட்டியலில் வையுங்கள். பேஸ் கும்மென்று அடித்ததற்காக எதையும் நீக்காதீர்கள், பேஸ் அசத்தியதற்காக எதையும் சேர்க்காதீர்கள். கதவு திறந்த முதல் மணி நேரமும் கடைசி நாளின் பிற்பகலும் கூட்டம் குறைவான நேரங்கள். கடைசி நாளில் கேட்டால் உங்கள் யூஎஸ்பியைப் போடவும் சம்மதிப்பார்கள். எல்லா அறைகளிலும் சத்தம் அதிகம் என்பதால் காதடைப்பான் எடுத்துப் போங்கள். மூன்று மணி நேரத்துக்குப்பின் கேட்டு எழுதும் குறிப்புகளுக்கு மதிப்பில்லை.

## பெரிய மின்னணுக் கடையின் டெமோ பகுதி

முன்பதிவு வேண்டாம், இரவு வரை திறந்திருக்கும், யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து மாலை ஆறரைக்கு மேல்தான் ஓய்வு என்பவருக்கு இது மட்டுமே சாத்தியமாக இருக்கலாம். ஸ்விட்ச் பெட்டி இருந்தால் ஒரு பொத்தானில் ஸ்பீக்கர் மாறும். இவ்வளவு விரைவான மாற்றம் டீலர் அறையிலும் அரிது.

மற்றதெல்லாம் பாதகம்தான். அலமாரியில் ஒன்றோடொன்று ஒட்டி, சுவரில் சாய்ந்து நிற்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரின் மிட்ரேஞ்சும் (நடுச் சுருதிகள்) பேஸும் அது வடிவமைக்கப்பட்ட விதத்தில் ஒலிக்காது. ஸ்விட்ச் பெட்டி சத்தத்தைச் சமன்செய்வதில்லை என்பதால் சென்சிடிவிட்டி அதிகமுள்ளதே ஒவ்வொரு முறையும் "வெல்லும்". விலை உயர்ந்தவற்றை இங்கே வைப்பதும் குறைவு. உருவம், பூச்சின் தரம், உண்மையான அளவு ஆகியவற்றை நேரில் பார்க்க, ட்வீட்டரின் காரம் காதுக்கு ஒத்துவருமா என்று தோராயமாக அறிய, இது போதும்.

## தயாரிப்பாளரின் சொந்தக் கேட்பறை

தொழிற்சாலை அல்லது தலைமையகத்துக்குப் போவது. பொதுவாக உங்கள் நாட்டு விநியோகஸ்தர் வழியாகத்தான் நேரம் கிடைக்கும். அறை கச்சிதமாக இருக்கும், பொருத்தமான ஆம்ப் இருக்கும், இடம்வைப்பை மில்லிமீட்டர் கணக்கில் செய்திருப்பார்கள். ஒரே குடும்பத்தின் இரண்டு மாடல்களுக்கு இடையே தடுமாறுகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

இரண்டு சிக்கல்கள். போட்டியாளரின் ஸ்பீக்கர் அங்கே இருக்காது. இரண்டாவது, உபசரிப்பு. உருவாக்கியவர்களோடு பேசி, மரவேலையைத் தொட்டுப் பார்த்தபின் கேட்கும் காது நடுநிலையில் இருப்பது கடினம். ஹார்மன் நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், அதே கேட்பவர்கள் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு தந்த மதிப்பெண்ணும், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது தந்த மதிப்பெண்ணும் வேறுபட்டன. அனுபவமுள்ள கேட்பவர்களும் இதற்கு விலக்கல்ல. உபசரிப்பு முடிந்தபின் அல்ல, அது தொடங்குவதற்கு முன்பே கேட்டுக் குறிப்பெழுதிவிடுங்கள்.

## உரிமையாளரின் வீடு, பழைய ஸ்பீக்கர் விற்பவர்

சாதாரண வீட்டு அறையில், சாமான்களுக்கு நடுவே, ஓர் ஆண்டுக்குமேல் ஓடிய ஸ்பீக்கரைக் கேட்க இது ஒன்றே வழி. எதில் சலிப்பு வந்தது, எது பழுதானது என்று உரிமையாளர் சொல்வது எந்த டீலரிடமும் கிடைக்காது. அறிமுகமில்லாதவர் வீட்டுக்குப் போகிறீர்கள் என்பதால் முகவரியையும் நேரத்தையும் உடன் பணிபுரிபவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

வாங்கும் எண்ணம் இருந்தால் சோதனை தேவை. ஃபோம் விளிம்புள்ள வூஃபர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொடியாகத் தொடங்கும்; ரப்பர் விளிம்பு இன்னும் நாள் தாங்கும். குறைந்த சத்தத்தில் ஸ்வீப்பை ஓடவிட்டால், எங்காவது உரசலோ கரகரப்போ இருந்தால் பிடிபடும். ஆம்ப்பைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரால் முனைகளை அளந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் பொதுவாக 5.5–7 ஓம் காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3–3.5 காட்டும். இடது வலது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி முனைகள் உள்ளவற்றில் ட்வீட்டர் பக்கம் மீட்டர் அசையாவிட்டால் பதற வேண்டாம், தொடரிலுள்ள கெபாசிட்டர் நேர் மின்னோட்டத்தைத் தடுக்கிறது. காதை அருகே வைத்துத்தான் ட்வீட்டரைச் சோதிக்க வேண்டும். இரண்டின் வரிசை எண்களும் ஜோடியா என்றும் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | டீலர் அறை | கண்காட்சி | பெரிய கடை | தயாரிப்பாளர் | உரிமையாளர் வீடு |
|---|---|---|---|---|---|
| முன்னேற்பாடு | 10–14 நாள் | நுழைவுச்சீட்டு, தேதிப் பொருத்தம் | தேவையில்லை | பல வாரம் | சில நாள் |
| ஒரு ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் நேரம் | 45 நிமிடத்துக்கு மேல் | 5–15 நிமிடம் | விருப்பப்படி, இரைச்சலில் | 1–2 மணி நேரம் | 1 மணி நேரம் |
| சொந்தப் பாடல் | ஆம் | சில நேரம் | சில நேரம் | ஆம் | ஆம் |
| சத்தம் சமன்செய்து ஒப்பிடல் | முடியும் | முடியாது | கடினம் | சொந்த மாடல்களுக்குள் | முடியாது |
| மறைந்த செலவு | டெமோ கட்டணம், டீலரின் நேரம் | ஒரு நாள் முழுதும் | தவறான முடிவு | வாங்காமல் திரும்பக் கூச்சம் | வாரண்டி இன்மை, பாதுகாப்பு |
| பொருத்தமான கேள்வி | இந்த இரண்டில் எது? | எவற்றை விடலாம்? | பார்க்க எப்படி, அளவு என்ன? | இந்தக் குடும்பத்தில் எது? | நாள்பட்டால் எப்படி? |

## கேட்டது பிடித்துவிட்டால்: அங்கேயே வாங்குவதா?

விலைச்சீட்டைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போடுகிறவர்கள் விட்டுவிடுவது கன அளவை. விமானச் சரக்கில் கட்டணம் எடைக்கும் பருமனுக்கும் இடையில் எது அதிகமோ அதற்கு. பருமனைக் கன சென்டிமீட்டரில் எடுத்து 6000-ஆல் வகுப்பது வழக்கம், கூரியரில் 5000-ஆல். 60 × 70 × 130 செ.மீ. பெட்டி ஒன்று, உள்ளே ஸ்பீக்கர் 40 கிலோதான் என்றாலும், சரக்கில் 91 கிலோவாகவும் கூரியரில் 109 கிலோவாகவும் கணக்காகும். ஜோடிக்கு இரு மடங்கு. பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 801 டி4 போன்றவை ஒன்றே 100 கிலோ; அவற்றுக்குக் கப்பல்தான். பெட்டி கட்டை மரத்தில் செய்யப்பட்டிருந்தால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை, அதாவது மரத்திலுள்ள பூச்சிகளை ஒழிக்க வெப்பம் போன்ற சிகிச்சை செய்ததற்கான சான்று, இல்லாமல் துறைமுகத்தில் நின்றுவிடலாம். பிளைவுட் பெட்டிக்கு அந்தத் தேவை இல்லை.

எல்எஸ்50 மெட்டா போல ஒன்று 7.8 கிலோ எடையுள்ளவற்றைப் பயணப் பெட்டியாகவே ஏற்றலாம். அப்போதுதான் கட்டிய வரியைப் பயணிகள் திரும்பப் பெறும் சலுகை பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில், அதற்கு வெளியே வசிப்பவர், பொருளைத் தன் உடைமையாக, வாங்கிய மாதத்துக்கு அடுத்த மூன்றாம் மாத முடிவுக்குள் எடுத்துச் சென்று, சுங்கத்தில் காட்டிச் சான்று பெற வேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் 2021 தொடக்கத்திலிருந்து கையோடு எடுத்துச் செல்லும் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடையே நேரடியாக வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பினால் மட்டும் மதிப்புக் கூட்டு வரி கழியும். இதற்கெல்லாம் பிறகு சொந்த நாட்டின் இறக்குமதி வரி இருக்கிறது.

பாஸிவ் ஸ்பீக்கருக்கு (தனி ஆம்ப் தேவைப்படுவது) மின்னழுத்தப் பிரச்சினையே இல்லை. ஆக்டிவ் (ஆம்ப் உள்ளேயே இருப்பது) என்றால் பின்பலகையைப் படியுங்கள். "100–240" என்றிருந்தால் எங்கும் ஓடும். 100 அல்லது 120 மட்டும் என்றிருந்தால் 230 வோல்ட் நாட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகக் கூடாது. வாரண்டி பல பிராண்டுகளில் வாங்கிய நாட்டுக்கு மட்டுமே. ஒரு ட்வீட்டர் போனால் யார் செலவில், எத்தனை வாரத்தில் மாற்று வரும் என்பதை உங்கள் ஊர் விநியோகஸ்தரிடம் பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், விலையில் பாதி குறைந்தால் ஒழிய அங்கே வாங்க வேண்டாம்.

## யாருக்கு எது

பட்டியலே இல்லாதவர் கண்காட்சித் தேதிக்குப் பயணத்தை நகர்த்தப் பார்க்கலாம். அது முடியாவிட்டால் பெரிய கடைக்குப் போய், ஒலியைத் தீர்மானிக்காமல், அளவையும் பூச்சையும் மட்டும் முடிவுசெய்து திரும்பலாம்.

இரண்டு மாடல்களில் நிற்பவருக்கு டீலர் அறைதான். இரண்டும் ஒரே டீலரிடம் இல்லையென்றால் ஒரே நாளில் இரண்டு கடைகளுக்கு ஓடாதீர்கள். அறையும் ஆம்ப்பும் மாறியபின் அது ஸ்பீக்கர் ஒப்பீடே அல்ல. அதற்குப் பதில், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கரோ அதே மாடலோ உள்ள டீலரைத் தேடுங்கள். தெரிந்த ஒன்றை அந்த அறையில் பத்து நிமிடம் கேட்டாலே அறை என்ன செய்கிறது என்பது விளங்கிவிடும்.

அறை சிறியது, பேஸ்தான் கவலை என்பவர் வெளிநாட்டில் எங்கே கேட்டாலும் விடை கிடைக்காது. சொந்த நாட்டில் வீட்டுக்குக் கொடுத்துப் பார்க்கச் சம்மதிக்கும் டீலரையோ, திருப்பி எடுத்துக்கொள்ளும் விற்பனையாளரையோ தேடுவதில் அந்த நேரத்தைச் செலவிடலாம். விலை சற்று அதிகமானாலும் பரவாயில்லை.

ஒரே ஓர் இரவு தங்கல், மறுநாள் காலை விமானம் என்றால் எதையும் பதிவுசெய்ய வேண்டாம். அடுத்த பயணத் தேதியைக் குறிப்பிட்டு டீலருக்கு மின்னஞ்சல் எழுத அந்த மாலை போதும்.